பதிவேட்டில் இல்லாத பேர்கள்

சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, திங்கட்கிழமை மளிகைக்கடை பாக்கியை அடைத்து, வியாழக்கிழமை அதே கடையில் மறுபடியும் கடன் சொல்லும் ஊர் திருப்பூர். குறையாகச் சொல்லவில்லை. இந்த ஊருக்கு ஆளைக் கூட்டி வந்ததே வாரச் சம்பளம்தான். மழை பொய்த்துப் போய்த் தேனியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்தவன், வந்த ஏழாம் நாளே கையில் காசு பார்த்தான். பிற்பாடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்தவனும் அதைத்தான் பார்த்தான். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காத கணக்கில் ஐந்தாறு லட்சம் பேர் பிழைக்கும் ஊரில், திடீரென்று எல்லாக் கதவையும் சாத்தினால் என்ன ஆகும் என்பதை யாரும் அதுவரை யோசித்ததில்லை. 2020 மார்ச்சில் அது தெரிந்தது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சின்னக் கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் நான் பார்த்த வேலை. பவர் டேபிள் போட்டிருப்பவர், செக்கிங் யூனிட் வைத்திருப்பவர், பிரிண்டிங் பட்டறைக்காரர் என்று என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் சிறு ஆட்கள். கொரோனாவைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கிறது. நான் பார்த்தது பதிவேட்டுக்குள்ளிருந்து. அங்கிருந்து பார்த்தபோது தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்: நோய் எல்லோருக்கும் வந்தது, நிவாரணம் பேர் எழுதியிருந்தவர்களுக்குத்தான் வந்தது.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24 செவ்வாய் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்கப் பூட்டு. திங்களும் செவ்வாயும் தைத்த பீஸுகள் பண்டல் பண்டலாக டேபிளிலேயே கிடந்தன. அந்த இரண்டு நாள் கூலி, எனக்குத் தெரிந்த பலருக்கு மே மாதம் வந்தது. சிலருக்கு வரவே இல்லை.

முதலாளிகள் எல்லோரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துணிக்கடைகள் மார்ச் நடுவிலேயே மூடிவிட்டன. கோடைக்கான சரக்கு பாதி கப்பலில், பாதி பேக்கிங்கில். அனுப்பவேண்டாம் என்று ஒரு மெயில். அனுப்பிவிட்டதற்குத் தள்ளுபடி கேட்டு இன்னொரு மெயில். பணம் தர இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று மற்றொன்று. இங்கிலாந்தின் பழைய பெரிய கடையான டெபன்ஹாம்ஸ் ஏப்ரலிலும், அமெரிக்காவின் ஜே.சி.பென்னி மே மாதமும் திவால் நடவடிக்கைக்குப் போயின. அங்கே ஒரு கடையில் ஷட்டர் இறங்கினால் இங்கே எக்ஸ்போர்ட்டருக்குக் காசு நிற்கும். அவர் நிறுத்தினால் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், ஜாப் ஒர்க் என்று ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். இந்த வரிசையின் கடைசியில் இருப்பவர் காண்ட்ராக்டர்கூட இல்லை, அவருக்குக் கீழே மிஷினில் உட்கார்ந்திருக்கும் டெய்லர். அவருக்குக் கீழே நிறுத்தி வைக்க ஆள் இல்லை.

மத்திய உள்துறை மார்ச் 29-ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டது. பூட்டிக் கிடக்கும் காலத்துக்கும் தொழிலாளிக்குப் பிடித்தமில்லாமல் சம்பளம் தரவேண்டும் என்றது அது. டி.வி.யில் கேட்டுவிட்டு என் போனுக்குக் கூப்பிட்டவர்களுக்கு அளவில்லை. "நமக்கும் உண்டுங்களாண்ணா?" என்பார்கள். பதிலுக்கு நான் ஒன்றுதான் கேட்பேன்: "எந்தக் கம்பெனி ரோல்ல இருக்கீங்க?" பல பேருக்கு அது தெரியவில்லை. காண்ட்ராக்டர் பேர் தெரியும், அவர் செல் நம்பர் தெரியும், கம்பெனி போர்டு எங்கே தொங்குகிறது என்று தெரியும். எந்தப் பதிவேட்டில் தன் பேர் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியாது. அந்த உத்தரவும் நீடிக்கவில்லை. மே 17-இல் திரும்பப் பெற்றார்கள். ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், முதலாளிகள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. பேசித் தீர்த்துக்கொள்ள எதிரில் உட்காருவதற்கும் ஒரு பேர் வேண்டுமே.

ஜூன் மாதம் ஓர் அம்மா வந்தார். ராயபுரம் பக்கம் லைன் வீட்டில் குடியிருப்பவர். ஓவர்லாக் டெய்லர். துணிக்கடைப் பையிலிருந்து கைக்கடக்கமான ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒவ்வொருவரும் அப்படி ஒன்று வைத்திருப்பார்கள். அவருடையது ஒரு கணக்காசிரியர் எழுதியதுபோல இருந்தது. இடப்பக்கம் தேதி, நடுவில் ஸ்டைல் நம்பர், பக்கத்தில் சைஸ் வாரியாக எண்ணிக்கை, வலப்பக்கம் ரேட்டும் தொகையும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூட்டிப் போட்டு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. டேமேஜ் என்று கழித்த பீஸைக்கூடத் தனியாகக் குறித்திருந்தார். மார்ச் 23, 24 இரண்டு நாளுக்கும் எழுதியிருந்தார், கோடு மட்டும் போடவில்லை. அந்த நோட்டில் எல்லாம் இருந்தது, கம்பெனியின் பேரும் கையெழுத்தும் தவிர. "இத வெச்சு ஏதாச்சும் பண்ண முடியுங்களாண்ணா?" என்றார். பார்த்துப் பார்த்து எழுதிய அந்தக் கணக்கு சட்டத்தின் கண்ணுக்கு வெறும் காகிதம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? காண்ட்ராக்டரை நானே கூப்பிட்டுப் பேசினேன். ஒரு பகுதி வந்தது.

அதே மாதம் இன்னொரு யூனிட். அங்கேயும் இருபது முப்பது பேர்தான், ஆனால் உரிமையாளர் எல்லார் பேரையும் பி.எஃப்.-இல் ஏற்றியிருந்தார். நூறு பேர் வரை வேலை செய்யும் இடங்களில், தொண்ணூறு சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் கீழே வாங்குபவர்களாக இருந்தால், தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம் இரண்டையும் அரசே கட்டும் என்று மார்ச் மாதம் அறிவித்திருந்தார்கள். மூன்று மாதம் என்று தொடங்கி ஆகஸ்ட் வரை நீட்டினார்கள். அதோடு, ஊரடங்கு தொடங்கிய வாரத்திலேயே இன்னொரு வழியும் திறந்தது: கணக்கில் இருப்பதில் முக்கால் பங்கு அல்லது மூன்று மாதச் சம்பளம், எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத முன்பணமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த யூனிட்டில் அநேகமாக எல்லோரும் எடுத்தார்கள். வாடகை கட்டினார்கள். ஒருத்தர்கூட அந்த மாதங்களில் வட்டிக்காரரிடம் போகவில்லை என்று உரிமையாளர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட அவருக்கு உரிமை உண்டு.

அந்த அம்மா தைத்த யூனிட்டுக்கும் இதற்கும் ஒரே ஆர்டர்தான் வந்துகொண்டிருந்தது, இரண்டும் ஒரே தெருவில்தான் இருந்தன. வித்தியாசம் ஒரு மாதாந்தரச் சலான்.

பேரை எழுதிக்கொள்ள வேண்டாம் என்று சொல்பவர்கள் முதலாளிகள் மட்டும் என்று நினைத்தால் அது தவறு. "வேண்டாங்கண்ணா, கைக்கு வர்றது கொறையுது" என்று என்னிடமே சொன்ன டெய்லர்களை எண்ண முடியாது. பத்தாயிரம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் பி.எஃப்.-க்கு 1,200, இ.எஸ்.ஐ.-க்கு 75 ரூபாய் பிடிப்பார்கள். வாரச் சம்பளக்காரருக்கு அது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. முதலாளி தன் பங்காக இன்னொரு 12 சதவீதமும், இ.எஸ்.ஐ.-க்கு 3.25 சதவீதமும் போடுகிறாரே என்று சொன்னால் "அது எப்பவோ வரப்போற காசுங்க" என்பார்கள். முன்பெல்லாம் கம்பெனி மாறினால் பி.எஃப். நம்பரும் மாறும், பழைய காசு எங்கேயோ சிக்கிக்கொள்ளும். அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 2014-இல் யு.ஏ.என். என்ற ஒரே எண் வந்த பிறகு அந்தக் காரணம் பெருமளவு போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

முதலாளி பக்கத்துச் சூட்சுமம் வேறு. இருபது பேர் இருந்தால் பி.எஃப்., பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்பது சட்டம். ஆகவே இந்த ஊரில் பத்தொன்பது பேர் வேலை செய்யும் கம்பெனிகள் ஏராளம். உள்ளே போய்த் தலையை எண்ணினால் நாற்பது இருக்கும், அது வேறு விஷயம்.

வெளிமாநிலத்தவர் கதை இன்னும் மோசம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளியைப் பதிவு செய்யவேண்டும், இடப்பெயர்வுப் படி தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டாயிற்று. அதன்படி எழுதிய பதிவேட்டை நான் பார்த்த கம்பெனிகளில் தேடினாலும் கிடைக்காது. 2020 மே 1 முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடின. பேரும் ஆதாரும் செல் நம்பரும் கொடுத்துப் பதிந்தவர்களுக்குத்தான் அதில் இடம். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் ஒரே அறையில் பத்துப் பேர் தங்கியிருந்த பையன்கள், வாழ்க்கையில் முதல்முறையாக அரசாங்கத்திடம் தங்கள் பேரைக் கொடுத்தார்கள். அதுவும் ஊரைவிட்டுப் போவதற்காக. இந்த ரயில்களில் நாடு முழுக்கப் போனவர்கள் சுமார் 63 லட்சம் பேர். சொந்த மாநிலம் திரும்பியவர்கள் மொத்தம் ஒரு கோடிக்கு மேல் என்று அரசே பிற்பாடு சொன்னது. வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படி ஒரு புள்ளிவிவரம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. உயிரோடு இருந்தபோதே பேரை எழுதாதவர்கள், செத்ததை எங்கிருந்து எழுதப் போகிறார்கள்?

நூறு வருஷத்துக்கு முன்னாலும் இதே கதைதான். 1918-இல் வந்த விஷக்காய்ச்சலைப் பற்றி எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். காங்கேயம் பக்கத்து ஊர்களில் களத்தில் கிடந்த சோளத்தை அள்ள ஆளில்லை என்பார். இந்தியாவில் அந்தக் காய்ச்சலில் செத்தவர்கள் 1.2 கோடியிலிருந்து 1.8 கோடி வரை என்கிறார்கள். இரண்டு கணக்குக்கும் நடுவில் 60 லட்சம் உயிர்! 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் ஜனத்தொகை முந்தைய பத்தாண்டைவிடக் குறைந்திருந்தது. அப்படிக் குறைந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான். நம் காலத்துக் கொரோனா இறப்புக்கும் அரசுக் கணக்கு ஐந்து லட்சத்துச் சொச்சம். 2021 முடிய 47 லட்சம் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது, இந்திய அரசு அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. கோயம்புத்தூரில் பிளேக் வந்தபோது பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள், 2021-இல் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். கும்பிடும் முறையை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறோம், கணக்கெழுதும் முறையில்தான் தேறவில்லை.

இரண்டாம் அலையில் இந்த எழுத்து வேலையின் அருமை இன்னும் கொடூரமாகத் தெரிந்தது. 2021 மே மாதம் தமிழ்நாடு மறுபடி பூட்டியது. ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு அதிகம் கொடுக்கவில்லை. இத்தனை லட்சம் தொழிலாளர் இருக்கும் ஊரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள், நோய் வந்தபோது அது கட்டி முடியவில்லை. அந்த மே மாதக் கடைசியில் இ.எஸ்.ஐ. கழகம் ஒரு திட்டம் அறிவித்தது. கொரோனாவில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு, அவருடைய சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் உதவித்தொகை. நல்ல திட்டம். நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பாவது அவர் பேர் பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செத்த பிறகு ஓடி வந்து, "முந்தின தேதி போட்டு ஏத்த முடியுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. முடியாது.

பி.எஃப். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு கிடைக்கும். தனியாகப் பிரீமியம் ஒன்றும் தொழிலாளி கட்டுவதில்லை. இது பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. செக்கிங் சூப்பர்வைசர் ஒருவர், நாற்பதைத் தாண்டாத வயது, அந்த ஜூனில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எல்லாப் பதிவும் சரியாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணமாகாதவர் என்பதால் நாமினி இடத்தில் அம்மா பேர். கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் சட்டப்படி செல்லாமல் போய்விடும், புதிதாகக் கொடுக்கவேண்டும். அவர் கொடுக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே ஆட்டோவில்தான் என் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர், "எனக்கு எதுக்குங்க, பசங்களுக்கே குடுங்க" என்றார். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மாமியார் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. அந்த வருஷம் நான் பார்த்த சண்டைகளை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று போட்டுவிட்டார்கள், அதனால் கொரோனா இறப்புக்கான 50,000 ரூபாய் நிவாரணம் வரவில்லை என்று அலைந்தவர்கள் வேறு.

கடனிலும் இதே கதைதான். 2020 மே மாதம் அறிவித்த அவசரக் கடன் திட்டத்தில், வங்கியில் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள், ஈடு கேட்கவில்லை. திருப்பூரில் பல கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தியது அதுதான். ஆனால் வங்கிக்கே போகாமல் கந்துவட்டியிலும் சீட்டுப் பணத்திலும் நாலு மிஷின் போட்டவருக்கு 20 சதவீதம் எதில் கணக்கிடுவது? தவணை கட்ட ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தது, வட்டிக்காரருக்கு ரிசர்வ் வங்கி இல்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் ஊர் சீக்கிரமே எழுந்துவிட்டது. சும்மா இருக்கவில்லை. முகக்கவசம் தைத்தது, மருத்துவர்களுக்கான முழுக்கவச உடை தைத்தது, அந்தத் துணியைக் கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் பரிசோதித்துச் சான்று வாங்கியது. 2019-20-இல் 27,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்த ஏற்றுமதி அடுத்த ஆண்டு 25,000 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கி, 2021-22-இல் 33,000 கோடியைத் தாண்டியது. நூல் விலை ஏறியதும் இதற்கு ஒரு காரணம். 2021 நவம்பரில் ஒரே தடவையில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏற்றினார்கள், ஊரே ஒருநாள் கடையடைத்தது. ஆகவே அந்த 33,000 கோடியைப் பார்த்து எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டக்கூடாது. என்னிடம் கணக்கு எழுதிய சிறு யூனிட்டுகள் பல திரும்பித் திறக்கவில்லை. மிஷின்களைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்டு, உரிமையாளராக இருந்தவர்களே இன்னொரு இடத்தில் ஷிப்டுக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடம் மூடியிருந்த காலத்தில் அம்மாவோடு பிசிர் வெட்டவும் கைமடிக்கவும் வந்த பிள்ளைகளில் எல்லோரும் திரும்பிப் போகவில்லை. ஆல் பாஸ் போட்டதால் பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும் அவர்கள் பேர் வகுப்பு மாறி மாறி ஏறிக்கொண்டிருந்தது.

வேறு மாதிரி செய்திருக்க முடியாதா என்றால், முடியும். வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் ரத்தானது, நம்மைவிடப் பெரிய அடி. அந்த அரசு 2020 மார்ச்சிலேயே ஏற்றுமதித் தொழிலாளர் கூலிக்கென்று 5,000 கோடி டாக்கா கடன் நிதி ஒதுக்கி, தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கோ செல்போன் கணக்குக்கோ நேராகப் போடவேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கணக்கு இல்லாதவர்களுக்கு ஏப்ரலிலேயே அவசரமாகத் திறந்தார்கள். அங்கேயும் ஓட்டைகள் இருந்தன. ஆனாலும் பேரை எழுதினால்தான் காசு என்று அரசு சொன்னதும் முதலாளிகள் எழுதினார்கள். இங்கே 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் என்று அமைப்புசாராத் தொழிலாளருக்கான பதிவைத் தொடங்கினார்கள். இரண்டாம் அலையும் முடிந்த பிறகு.

1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. கேட்டு வாங்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். கம்பெனி வைத்திருப்பவர்கள் இருபதாவது ஆளின் பேரையும் எழுதுங்கள், நோட்டுக்கணக்கில் வாரம் ஒரு கையெழுத்தாவது போட்டுக் கொடுங்கள். டெய்லர்களும் செக்கிங் பெண்களும் இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கேளுங்கள். கல்யாணம் ஆனவர்கள் நாமினியை மாற்றியாயிற்றா என்று பாருங்கள். செல்போனிலேயே மாற்றலாம், ஆதார் இணைந்திருந்தால் போதும், பைசா செலவில்லை.